பெத்லகேமில் புனித பவுலா அம்மையார்

மாதாவுக்கும் சூசையப்பருக்கும் பெத்லகேம் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதை நாம் அறிவோம். பிற்காலத்தில் அவ்வூரிலேயே வழிப்போக்கருக்கு இடமளித்தவர் புனித பவுலா அம்மையார்.

347-ஆம் ஆண்டு ரோமாபுரியில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளைப் பெற்றபின், 32 வயதில் கணவரை இழந்தார். 385-இல், கரையில் நின்று கைநீட்டி மன்றாடிய சிறு மகனைப் பிரிந்து, மகள் யூஸ்தோக்கியத்துடன் கப்பலேறினார். இயேசு பாலன் பிறந்த குகையைத் தரிசித்து, பெத்லகேமிலேயே தங்கிவிட்டார். அங்கே துறவு மடங்களும், சாலையோரம் திருயாத்திரிகர் விடுதியும் கட்டினார். எபிரேயம் கற்றார், புனித ஜெரோமின் வேதாகமப் பணிக்குத் துணை நின்றார். செல்வமெல்லாம் ஏழைகளுக்கு ஈந்து, கடனாளியாகவே 404-இல் இறந்தார். அக்குகையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கும் நாம், நம் வாசலுக்கு வரும் ஏழைக்கும் இடமளிப்போமாக!