ஓர் அணாச் சாப்பாடு: பிட்டி தியாகராயரும் ஒரு நகரமன்றத்தின் கதையும்

சென்னைக்குப் போகும் ஈழத்தமிழர் தி.நகரைப் பார்க்காமல் ஊர் திரும்புவது அரிது. கலியாணக் கூறை எடுப்பதென்றாலும் நகை பார்ப்பதென்றாலும் கால்கள் அங்கேதான் போகும். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த கதை நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. ஆனால் தி.நகரின் அந்தத் 'தி' யாரென்று கேட்டால் சட்டென்று விடை வராது. திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

திருகோணமலைக்காரருக்கு அந்த மனிதரோடு, அவர்களே அறியாத இன்னொரு தொடர்பும் இருக்கிறது. எண்பதுகளிலும் 1990இலும், பின்னர் சம்பூரும் மூதூர் கிழக்கும் எரிந்த 2006இலும், இந்த மாவட்டத்திலிருந்து பல குடும்பங்கள் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போயின. மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் இருந்த பிள்ளைகள் அங்குள்ள அரச பள்ளிகளில் சேர்ந்தார்கள். மதிய மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் நின்று சத்துணவு சாப்பிட்டார்கள். ஊர் திரும்பி இன்று தாயும் தந்தையுமாக இருக்கும் பலர் அந்தச் சோற்றையும் முட்டையையும் இன்னும் மறக்கவில்லை. நிவாரண அரிசிக்கு அட்டை வேண்டியிருந்தது. பள்ளிச் சாப்பாட்டுக்குப் பிள்ளை வகுப்பில் இருந்தாலே போதும்.

அந்தத் தட்டின் வரலாற்றைப் பின்னோக்கிப் போனால் 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் மன்றக் கூட்டம் ஒன்றில் போய் நிற்போம். அந்த மன்றத்தின் தலைவர் இருக்கையில் இருந்தவர் பிட்டி தியாகராயர்.

வண்ணாரப்பேட்டையின் நெசவு முதலாளி

தியாகராயர் 1852 ஏப்ரல் 27இல் சென்னை கொருக்குப்பேட்டையில் பிறந்தார். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம். நெசவுதான் குலத்தொழில். மாநிலக் கல்லூரியில் 1876இல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் பட்டதாரிகள் அரச உத்தியோகத்தையோ வழக்கறிஞர் தொழிலையோ தேடிப் போனார்கள். இவர் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். தோல் பதனிடுதல், சுண்ணாம்புக் காளவாய் என்று வேறு தொழில்களும் இருந்தன. வண்ணாரப்பேட்டையில் விசைநாடா பொருத்திய தறிகளோடு அவர் நடத்திய நெசவுக்கூடம் ஏறத்தாழ நூறு தறிகள் கொண்டது. 1909இல் தொடங்கிய தென்னிந்திய வர்த்தக சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவராக இருந்து அதற்குப் பல ஆண்டுகள் தலைமையும் தாங்கினார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. இதைத் தவிர வேறு உடுப்பில் அவரை ஊர் பார்த்ததில்லை. 1922இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது நகரத்தின் சார்பில் வரவேற்க வேண்டியவர் இவர். அரச வரவேற்புக்கென்று விதித்த உடையை அணிய அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் அரசுதான் இறங்கி வந்தது. வழக்கமான வெள்ளை உடுப்பிலேயே இளவரசரை வரவேற்றார். வெள்ளுடை வேந்தர் என்று தமிழ்நாடு இன்றும் அவரைச் சொல்கிறது.

நாற்பது ஆண்டு நகரமன்றம்

1882இல் சென்னை மாநகராட்சி உறுப்பினரான தியாகராயர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த மன்றத்தில் இருந்தார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, வரி, குப்பை என்று பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு வராத விடயங்களைப் பேசியே ஒருவரின் வாழ்நாளில் பாதி போயிற்று. உறுப்பினர்களால் தெரிவு செய்யப்பட்ட, அரச அதிகாரி அல்லாத முதல் தலைவராக அந்த மன்றத்துக்கு வந்தவரும் அவர்தான்.

அரசியலில் அவர் பெயரை நிலைநிறுத்தியது வேறொன்று. மாநகராட்சி மன்றத்தில் இவரும் டாக்டர் டி.எம்.நாயரும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தவர் டாக்டர் சி.நடேச முதலியார். 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அது நடத்திய 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில நாளிதழின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொள்ள, மக்கள் அதை நீதிக்கட்சி என்றார்கள். கல்வியிலும் அரச வேலையிலும் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

1920 நவம்பர் தேர்தலில் நீதிக்கட்சி சென்னை மாகாணத்தில் வென்றது. ஆளுநர் வில்லிங்டன் அமைச்சரவை அமைக்க அழைத்தது தியாகராயரைத்தான். அவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். அவருக்குப் பிறகு பனகல் அரசர் வந்தார். தியாகராயர் கட்சித் தலைவராகவும் மாநகராட்சித் தலைவராகவுமே இருந்தார். கிடைத்த முதலமைச்சர் பதவியை விட்டு நகரமன்றத்தில் இருந்த ஒருவரை நம் அரசியலில் தேடினால் கிடைப்பாரா தெரியவில்லை. நம்மூரில் பிரதேச சபை என்பது நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் ஒரு படி மட்டும்தான்.

ஆயிரம் விளக்குப் பள்ளி

அந்தத் தேர்தலுக்கு இரண்டு மாதங்கள் முன்பு, 1920 செப்டம்பர் 16ஆம் திகதி, மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுப்பது என்பதுதான் அது. செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவைத் தாண்டக்கூடாது.

தியாகராயர் சொன்ன காரணம் எளிமையானது. அங்கே படிக்கும் பிள்ளைகள் மிக ஏழைகள். வறுமையால் வரவு குறைகிறது, பள்ளி மெலிகிறது. பிள்ளை வர வேண்டுமென்றால் வயிற்றுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தொடக்கத்தில் 165 பிள்ளைகள். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால், எல்லோரும் வந்த நாளில்கூட மொத்தச் செலவு பத்து ரூபாய் ஐந்து அணாவுக்கு மேல் போகாது. பெரிய நகரமொன்றின் கணக்குப் புத்தகத்தில் அது கண்ணுக்குத் தெரியாத தொகை.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 1922-23இல் அந்தப் பள்ளிகளில் இருந்த பிள்ளைகள் 811 பேர். 1924-25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல். அடுப்பும் ஓர் அணாவும் செய்த வேலை இது.

பிறகு மேலிருந்து உத்தரவு வந்தது. சாப்பாட்டுச் செலவு தொடக்கக்கல்வி நிதியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நிதியை உணவுக்குச் செலவிட பிரித்தானிய அரசு அனுமதி மறுத்தது. 1925 ஏப்ரல் 1ஆம் திகதி பள்ளிகளில் சாப்பாடு நின்றது. உணவு கூடாது என்று எவரும் வாதாடவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் காசு எடுக்கப்படுகிறது என்பதே பிரச்சினையாயிற்று.

தியாகராயர் இறந்ததும் அதே 1925இல்தான். தான் தொடங்கிய திட்டம் நிறுத்தப்பட்ட பின்பே அவர் கண்ணை மூடினார். மாம்பலத்து ஏரிப் பகுதியில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த புதிய குடியிருப்புக்கு அவர் பெயர் கிடைத்தது. அதுதான் தியாகராய நகர்.

மாநகராட்சி மன்றம் விட்டுவிடவில்லை. மீண்டும் திட்டத்தைக் கொண்டு வந்தது. 1927இல் 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு மாநிலம் முழுவதற்கும் போனது. 1982இல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. மண்டபம் முகாமிலிருந்து பள்ளிக்குப் போன நம் பிள்ளைகள் நின்றது அந்த நீண்ட வரிசையின் நடுவில் எங்கோ ஓரிடத்தில்.

குறையும் உண்டு

தியாகராயரைத் தெய்வமாக்கத் தேவையில்லை. அவர் முதலாளி. நீதிக்கட்சி நிலமும் பணமும் உள்ளவர்கள் நிறைந்த கட்சி. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறியபோது, கட்சியும் அதன் நாளிதழும் ஆதிதிராவிடருக்கு எதிரான பக்கத்தில் நின்றன. அந்தக் காயத்தோடு எம்.சி.ராஜா 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். எல்லோருக்கும் உரிமை கேட்டதாகச் சொன்ன இயக்கம், கீழே இருந்தவனைக் கைவிட்ட கணம் அது. விடுதலை பேசிய இயக்கங்களின் நடுவில் வாழ்ந்த நமக்கு இது புதிய கதை அல்ல.

ஆயினும் ஆயிரம் விளக்கின் அந்தச் சிறிய தீர்மானம் அவருடைய பெரிய அரசியலைவிட நீண்ட காலம் வாழ்ந்திருக்கிறது.

இங்கே, துறைமுகத்தின் ஓரத்தில்

2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த மாதங்களை இந்த மாவட்டத்துக் கடற்றொழிலாளர் குடும்பங்கள் மறந்திருக்காது. கடலுக்குப் போகாத வீட்டில் காலையில் உலை ஏறாது. பிள்ளை வெறும் தேத்தண்ணியோடு பாடசாலைக்குப் போகும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவது அந்த நாட்களில் நாடெங்கும் செய்தியானது.

அந்தப் பிள்ளையின் தட்டை யார் நிரப்புவது? இலங்கையில் பாடசாலை உணவு பலமுறை வந்து பலமுறை போயிருக்கிறது. நம் பெற்றோர் தலைமுறை கெயார் பிஸ்கட்டைச் சொல்லும். 1989இல் பிரேமதாச அரசு மதிய உணவு தந்தது. ஆட்சி மாறிய பிறகு அது போயிற்று. இன்றுள்ள திட்டத்தின் ஒதுக்கீடு கொழும்பில் முடிவாகிறது.

பல்லின் கதையும் இதுதான். 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பயிற்சி தொடங்கி, பாடசாலை வளாகங்களிலேயே பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் சேவை நாட்டில் உருவானது. நல்ல ஏற்பாடு. ஆனால் கதிரை பழுதானால், ஆள் மாற்றலாகிப் போனால், அந்த இடத்தை நிரப்பும் முடிவு ஊரிடம் இல்லை. சொத்தைப் பல்லோடு இருக்கும் பிள்ளைக்குச் சோறு கொடுத்தாலும் மெல்ல முடியாது. உணவும் பல்லும் தாளில் இரண்டு திணைக்களங்கள். பிள்ளைக்கு வாய் ஒன்றுதான்.

அதிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவே மாகாணசபை வந்தது. கல்வியும் சுகாதாரமும் பதின்மூன்றாம் திருத்தத்தின் கீழ் மாகாணத்துக்கு உரியவை. கிழக்கு மாகாணசபையின் தலைமையகம் திருகோணமலையில்தான் இருக்கிறது. ஆனால் 2017 செப்டம்பரில் அதன் காலம் முடிந்த பிறகு அங்கே ஒரு மக்கள் பிரதிநிதியும் வந்து அமரவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை பிரதிநிதிகள் இல்லாமலே இருந்தன. மக்கள் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிவு செய்யப்பட்ட ஒருவர்கூட மன்றத்தில் இருக்கவில்லை.

இப்போது மன்றங்கள் திரும்பியிருக்கின்றன. பாடசாலை அவற்றின் கையில் இல்லை என்பது உண்மை. காசும் குறைவுதான். ஆனால் முன்பள்ளிகளும் தாய் சேய் நலமும் மன்றத்துக்கு அந்நியமான விடயங்கள் அல்ல. சோலைவரியிலும் சந்தைக் குத்தகையிலும் வரும் வருமானத்தில் ஒரு சிறு தொகையைக் குழந்தைகளின் வாய்க்கென்று பாதீட்டில் தனியாக எழுத முடியுமா என்று சபையில் ஓர் உறுப்பினராவது கேட்கலாம். தலைப்பையும் கவனமாக எழுத வேண்டும். தவறான தலைப்பில் எழுதியதால் ஆயிரம் விளக்கில் அடுப்பு அணைந்ததை இப்போது நாம் அறிவோம்.

போருக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தவர்கள் பலர். தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள், புலம்பெயர்ந்த உறவுகள். எல்லோருக்கும் நன்றி சொல்லலாம். ஆனால் திட்டம் முடிந்த நாளில் அவர்களின் பெயர்ப்பலகை மட்டுமே மதிலில் மிஞ்சும். ஊர் தன் வரியில், தன் மன்றத்தின் தீர்மானத்தில் கொடுக்கும் சாப்பாட்டை நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று ஊர் கேட்கலாம். சென்னையில் 1925இல் நின்ற அடுப்பு 1927இல் மீண்டும் எரிந்ததற்குக் காரணம், கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்ததுதான்.

அடுத்த முறை தி.நகரில் கூறைச்சேலை எடுக்கப் போகிறவர்கள் அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் நாற்காலியை வேண்டாம் என்ற ஒரு நெசவு முதலாளி, நாளொன்றுக்குப் பத்து ரூபாய் ஐந்து அணாச் செலவில் தொடங்கி வைத்த சாப்பாடு, ஒரு காலத்தில் நம் பிள்ளைகளின் தட்டுக்கும் வந்தது.