கம்பி வழியே கரண்டைத் தூரம் அனுப்ப வைத்தவர், கம்பியே வேண்டாம் என்றது ஏன்? நிகோலா டெஸ்லாவின் கதை

பஸ் ஜன்னலில் பார்த்தால், வயல் நடுவே வரிசையாக நிற்கும் உயர் மின்கோபுரங்கள். அவற்றில் பெரும்பாலும் ஓடுவது ஏ.சி. மின்சாரம். அதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் டெஸ்லா.

1856-ல் இன்றைய குரோஷியாவில் பிறந்தார். 1884-ல் நியூயார்க் வந்து எடிசன் கம்பெனியில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே வெளியேறிவிட்டார்.

ஏ.சி. ஏன் ஜெயித்தது?

எடிசனின் டி.சி. மின்சாரம் ஓரிரு கிலோமீட்டர் தாண்டவே திணறியது. ஏ.சி. என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜை ஏற்றிவிடலாம். வோல்டேஜ் கூடினால் கம்பியில் ஓடும் கரண்ட் குறையும், சூடாகி வீணாவதும் குறையும்.

1888-ல் டெஸ்லாவின் ஏ.சி. மோட்டார் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பெற்றது. 1896-ல் நயாகரா அருவி மின்சாரம் 30 கி.மீ.க்கும் மேல் பயணித்து பஃபலோ நகரை அடைந்தது.

இடிந்த கோபுரம்

அடுத்து, கம்பியே இல்லாமல் மின்சாரம் அனுப்ப ஆசைப்பட்டார். லாங் ஐலண்டில் 1901-ல் கோபுர வேலை தொடங்கியது. உயரம் சுமார் 57 மீட்டர். ஆனால் பணம் போட்ட ஜே.பி. மார்கன் மேற்கொண்டு தர மறுத்துவிட்டார். கடைசியில் 1917-ல், ஹோட்டல் கடனுக்காக அந்தக் கோபுரம் இடிக்கப்பட்டது.

1943 ஜனவரி 7-ல், 86 வயதில், நியூயார்க் ஹோட்டல் அறை ஒன்றில் தனியாளாக இறந்தார் டெஸ்லா. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்கிறார்களே, அது இவர் பெயர்தான்!