நெருப்பு, தூக்குமரம், பொன்: பலெர்மோவைக் காத்த வைத்தியர்

பலெர்மோவில் இருக்கிற எங்கட ஆக்களுக்கு சாந்தா ரொசாலியாவைத் தெரியாமல் இருக்காது. கத்தோலிக்கர், சைவர் என்ற பேதமில்லாமல் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறிப் போகிறோம். 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காப்பாற்றியவள் என்று அவளை இந்த ஊர் கொண்டாடுகிறது. அதற்கு ஏறத்தாழ 50 வருடங்களுக்கு முன்னமும் இதே நோய் இங்கே வந்தது. அப்போது அதை எதிர்கொண்டவர் ஜொவான்னி பிலிப்போ இங்க்ராசியா. கோர்சோ கலாத்தாபீமியில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அவருடைய பெயர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அங்கே ஓடியவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டிருப்போம்?

1510 அளவில் சிசிலியின் உள்நாட்டில் ரெகல்புத்தோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். பதுவாவில் மருத்துவம் படித்து 1537இல் பட்டம் பெற்றார். பிறகு நாப்போலியில் உடற்கூறு படிப்பித்தார். காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய எலும்பைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். வேறு சிலரும் அதற்கு உரிமை கேட்டார்கள், அது தனிக்கதை. எனக்குப் பெரிதாகத் தெரிவது 1553இல் வந்த அவருடைய புத்தகம்தான். உடம்பெல்லாம் சிவந்துபோகும் ஒரு காய்ச்சலைச் சின்னமுத்திலிருந்து பிரித்து, இது வேறு நோய் என்று அதில் எழுதினார். இன்று செங்காய்ச்சல் என்கிறோம், பெனிசிலின் கொடுத்தால் மாறிவிடும். அவர் காலத்தில் மருந்தில்லை. ஆனாலும் எந்த நோய் என்று சரியாகப் பிரித்தறியாமல் எந்த மருந்தும் வேலை செய்யாதே.

1563இல் ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப் அவரைச் சிசிலியின் தலைமை வைத்தியராக நியமித்தார். நகரத்துக்குள் ஓடிய பாப்பிரேத்தோ ஆற்றின் சதுப்பு நோயைக் கொண்டுவருகிறது என்பது அவருடைய கருத்து. அதை வற்றவைத்தது அவர் இறந்த பிறகுதான்.

1575இல் கொள்ளைநோய் வந்தது. காற்றுக் கெட்டதால் வந்த காய்ச்சல் என்று சொன்ன வைத்தியர்களும் இருந்தார்கள். காற்றுத்தான் காரணம் என்றால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆளிலிருந்து ஆளுக்கு, துணியிலிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது என்றால் தடுக்கலாம். இங்க்ராசியா தொற்று என்ற பக்கம் நின்றார். எங்கள் வேலையில் ஒரு கணினிக்குள் வைரஸ் புகுந்தால் முதலில் அதன் இணைப்பைத்தான் கழற்றுவோம், திருத்துவது பிறகு. அவரும் அதைத்தான் செய்தார். நோயாளர், சந்தேகத்துக்குரியவர், குணமாகி வருபவர் என்று பிரித்துத் தனித்தனி இடங்களில் வைத்தார். 1180இல் நோர்மன் அரசர் கட்டிய கூபா மாளிகை நோயாளரின் ஆஸ்பத்திரியானது. ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினால் வெளியாள் உள்ளே போகமாட்டார் அல்லவா, அதையே ஒரு நகரம் முழுவதற்கும் செய்ததுபோல.

அவருடைய வழி மூன்று சொல்லில் அடங்கியது: நெருப்பு, தூக்குமரம், பொன். தொற்றிய பொருளை எரிக்க நெருப்பு, கட்டளையை மீறுபவனுக்குத் தூக்கு, இதற்கெல்லாம் செலவழிக்கப் பொன். தூக்குமரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ஏழையின் ஒரே படுக்கையை எரிக்க வந்தால் அவன் ஒளித்து வைக்கத்தானே பார்ப்பான்? அதற்குக் கழுத்தில் கயிறா? ஆனால் பொன்னை அவர் மறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அடைத்து வைத்தவனுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2020 மார்ச்சில் இத்தாலி முழுவதும் கதவைச் சாத்தியபோது, பதிவில்லாமல் வீட்டுவேலை செய்த எங்கட ஆக்கள் சிலர் சம்பளமில்லாமல் அறைக்குள் இருந்தார்கள். அப்போது எனக்கு அந்த மூன்றாவது சொல்தான் ஞாபகம் வந்தது.

அவர் கொடுத்த மருந்துகள் உதவியிருக்காது. பல சரக்குகள் சேர்த்துச் செய்யும் லேகியம், இரத்தம் எடுத்தல், அவ்வளவுதான் அன்றைய வைத்தியம். கொள்ளைநோய்க் கிருமியை 1894இல் ஹொங்கொங்கில்தான் கண்டுபிடித்தார்கள். எலியின் தெள்ளு பரப்புகிறது என்று தெரிந்தது அதற்கும் பிறகு. தெள்ளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அவர் எரித்த துணிகளோடு தெள்ளுகளும் எரிந்திருக்கும். அதே அலையில் வெனிஸ் ஏறத்தாழ 50,000 பேரை இழந்தது. பலெர்மோவின் இழப்பு அதைவிட மிகக் குறைவு.

1576இல், நோய் முழுதும் அடங்கும் முன்னமே, நடந்ததை எல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார். லத்தீனில் இல்லை, சனங்கள் பேசும் இத்தாலியனில். நகரசபை கொடுக்க வந்த பெருந்தொகையை வாங்க மறுத்து, ஒரு சிற்றாலயத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்தார் என்றும் சொல்கிறார்கள். 1580இல் பலெர்மோவிலேயே காலமானார். காதெலும்பைப் பற்றி அவர் எழுதி வைத்தது 1603இல்தான் அச்சேறியது.