தண்ணி குத்துன குழி: சர் சார்லஸ் பார்சன்ஸ் வாழ்க்கை

இந்த முறை நம் சுவரிதழின் அறிவியல் அறிஞர் பகுதிக்கு நான் எடுத்துக்கொண்டவர் சர் சார்லஸ் பார்சன்ஸ். எடிசன், நியூட்டன் பேரு தெரிஞ்ச அளவுக்கு இவரு பேரு நமக்குத் தெரியாது. ஆனா நெய்வேலியிலயும் கல்பாக்கத்துலயும் நீராவியால சுத்தி மின்சாரம் தர்ற டர்பைனுக்கு வழி போட்டவர் இவர்தான். கப்பலோட புரொப்பெல்லர் இறக்கையில் ஏன் குழி விழுது என்று கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவரும் இவர்தான். அந்தக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

பிறப்பும் இளமையும்

பார்சன்ஸ் 1854 ஜூன் 13-ல் லண்டனில் பிறந்தார். வளர்ந்தது அயர்லாந்தில் உள்ள பிர் கோட்டையில். அவங்க அப்பா மூன்றாவது ராஸ் பிரபு, பெரிய வானியல் அறிஞர். 6 அடி அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியை 1845-ல் தன் கோட்டையிலேயே கட்டினார். 1917 வரைக்கும் உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி அதுதான். அதற்கான உலோகத்தை உருக்கி வார்த்ததும் அங்கேயேதான். அதனால சின்ன வயசுலயே உலை, சுத்தி, கடைசல் எல்லாம் பார்சன்ஸுக்குப் பழக்கம். பள்ளிக்கூடம் போகவில்லை, ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்புறம் டப்ளினிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து 1877-ல் கணிதத்தில் பட்டம் வாங்கினார். பிரபு வீட்டுப் பிள்ளை, சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனா அவரு நியூகாசில் ஊரில் ஆம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்துவிட்டார்.

டர்பைன்

அந்தக் காலத்து நீராவி எஞ்சினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வரும். ரொம்ப வேகமாக ஓட்டினால் ஆட்டம் கொடுக்கும். நீராவியை நேரா இறக்கைகள் மேல செலுத்திச் சுத்த வைக்கலாம் என்று பலர் நினைத்தார்கள். ஆனா நீராவி பயங்கர வேகத்துல சீறும், அதுக்கு ஈடா எந்தச் சக்கரமும் சுத்த முடியாது. பார்சன்ஸ் ஒரு யோசனை செய்தார். வரிசை வரிசையா நிறைய இறக்கைகளை வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி செய்தார். மாடியிலிருந்து குதிக்காம படி படியா இறங்குற மாதிரி. 1884-ல் அவர் செய்த முதல் டர்பைன் நிமிஷத்துக்கு 18,000 சுற்று சுற்றி மின்சாரம் தந்தது.

டர்பினியா ஓடாத கதை

டர்பைனைக் கப்பலில் வைத்தால் என்ன என்று தோன்றியது. 1894-ல் டர்பினியா என்ற கப்பலைக் கட்டினார். நீளம் சுமார் 31 மீட்டர், எடை 44 டன். எஞ்சின் நல்லா வேகமா சுத்துச்சு. கப்பல் மட்டும் நினைச்ச வேகம் போகல. 20 நாட் வேகத்தைக் கூடத் தாண்டவில்லை (1 நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ.). புரொப்பெல்லரை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாரு, சரிவரல.

தண்ணிக்குள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்கணும் என்று முடிவு செய்தார். 1895-ல் ஒரு சின்னத் தொட்டி செய்து, ஜன்னல் வைத்து, உள்ளே 2 அங்குலப் புரொப்பெல்லரைச் சுத்த விட்டார். சுத்துற வேகத்துக்கு இறக்கை கண்ணுக்குத் தெரியாதே? அதுக்கும் வழி பண்ணினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மட்டும் வெளிச்சம் விழுற மாதிரி செய்ததால், இறக்கை அசையாம நிக்கிற மாதிரி தெரிந்தது. இறக்கையைச் சுற்றி ஒரே குமிழிக் கூட்டம்!

காரணம் இதுதான். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். மலை உச்சியில் சோறு வேக நேரமாகிறது அதனால்தான். இறக்கை மிக வேகமா சுத்தும்போது அதோட ஒரு பக்கத்துல அழுத்தம் ரொம்ப இறங்கிப் போகும். அங்கே குளிர்ந்த தண்ணியே கொதிச்சு ஆவிக் குமிழி ஆகிவிடும். தண்ணியைத் தள்ள வேண்டிய இறக்கை குமிழிக்குள்ள வீணா சுத்தும்.

உடனே பார்சன்ஸ் ஒரு தண்டுக்குப் பதிலா மூன்று தண்டு வைத்தார். ஒவ்வொன்றிலும் மூன்று, ஆக 9 புரொப்பெல்லர். சுமை பிரிந்தது. டர்பினியா 34 நாட் வேகத்தைத் தொட்டது. 1897 ஜூன் 26-ல் விக்டோரியா ராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில், யாரும் கூப்பிடாமலே டர்பினியா கப்பல் வரிசைகளுக்கு நடுவில் பாய்ந்து ஓடியது. காவல் படகுகளால் பிடிக்க முடியல. அதன்பிறகு கடற்படையே அவரைத் தேடி வந்தது. 1907-ல் ஓடத் தொடங்கிய லூசிடானியா, மௌரிடானியா என்ற பெரிய பயணிகள் கப்பல்களிலும் டர்பைன்தான்.

குழி விழுந்த இறக்கை

வேகம் வந்ததும் புது நோயும் வந்துச்சு. வேகமான கப்பல்களின் புரொப்பெல்லர் நல்ல வெண்கலத்தில் செய்தது. அதில்கூட கொஞ்ச நாளிலேயே குழி குழியாக விழுந்தது. உப்புத்தண்ணி அரிச்சிருச்சு என்றார்கள் சிலர். உலோகம் மட்டம் என்றார்கள் சிலர். முதல் உலகப் போர் சமயத்தில் கடற்படைக்காக இதை ஆராய்ந்தவர்களில் பார்சன்ஸ் முக்கியமானவர்.

ஒரு கொதிகலன் சத்தத்தை நாம் தினமும் கேட்கிறோம். அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு இரையும். அடியில் உண்டாகும் ஆவிக் குமிழிகள் மேலே குளிர்ந்த தண்ணியில் பட்டு நொறுங்குகிற சத்தம் அது. புரொப்பெல்லரிலும் அதேதான். அழுத்தம் கூடின இடத்துக்கு வந்ததும் குமிழி சட்டென்று மூடிக்கொள்ளும். நாலா பக்கத்துத் தண்ணியும் ஒரே புள்ளியில வந்து மோதும். அது சுத்தியால் அடிக்கிற அடி. நொடிக்கு எத்தனையோ அடி விழுந்தால் வெண்கலமும் தாங்காது. 1917-ல் ராலே பிரபு இந்த அழுத்தம் எவ்வளவு பெரிசாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பார்சன்ஸ் கூம்பு மாதிரி ஒரு உலோகக் கருவி செய்து, தண்ணிக்குள்ள அதன் வெற்றிடம் திடீரென மூடும்போது நுனியில் இருந்த தகடு துளைபடுவதைக் காட்டினார். 1919-ல் ஸ்டான்லி குக் என்பவரோடு சேர்ந்து இந்த ஆராய்ச்சியை வெளியிட்டார்.

எது என்ன நோய்?

புரொப்பெல்லரைப் பார்த்தே இப்படிப் பிரிக்கலாம்.

1. உப்புநீர் அரிப்பு: பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் மிஞ்சும். மஞ்சள் நிறம் போய்ச் சிவப்பா, தட்டினா உதிர்ற மாதிரி இருக்கும். இரண்டு வேறு உலோகம் உப்புத்தண்ணியில் சேர்ந்தால் மின்கலம் போல வேலை செய்து ஒன்று கரையும். பக்கத்தில் துத்தநாகக் கட்டி பொருத்தினால், அது கரைந்து மற்றதைக் காப்பாற்றும்.

2. மணல் தேய்மானம்: ஓரமும் நுனியும் மெலிந்து, வழவழன்னு இருக்கும்.

3. குமிழி அடி: ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும், பெரும்பாலும் கப்பலின் முன்பக்கம் பார்த்த முகத்தில், நுனிக்குக் கிட்ட, தேன்கூடு மாதிரி சொரசொரன்னு ஆழமா இருக்கும். பக்கத்தில் உலோகம் நல்லாவே இருக்கும். ஒவ்வொரு இறக்கையிலும் ஏறக்குறைய அதே இடத்துல வரும்.

மூன்றாவது நோய்க்கு அதே மாதிரி புதுசு வாங்கி மாட்டினா, அதே இடத்துல மறுபடி குழி விழும். காசுதான் போகும். இறக்கையோட வடிவத்தையும், அளவையும், சுத்துற வேகத்தையும் சரிபண்ணணும்.

குடும்பம்

பார்சன்ஸின் ஒரே மகன் 1918-ல் போரில் இறந்துவிட்டார். மகள் ரேச்சல் கேம்பிரிட்ஜில் எந்திரவியல் படித்தவர். போர்க்காலத்தில் அப்பாவின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும், தொழிற்சாலைப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை எதிர்த்து 1919-ல் ரேச்சலும் அவங்க அம்மா கேத்தரினும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து பெண் பொறியாளர் சங்கம் தொடங்கினார்கள். முதல் தலைவர் ரேச்சல்தான். தோழிகளே, இதைக் கவனிங்க!

மறைவு

1931 பிப்ரவரி 11-ல், கப்பல் பயணத்தில் ஜமைக்கா தீவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் பார்சன்ஸ் காலமானார். டர்பினியா கப்பலை நியூகாசில் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நாம் கற்றுக்கொள்வது

ஒரே மாதிரி தெரியுற குழிக்கு மூணு காரணம் இருக்கலாம். பார்த்த உடனே துரு என்று சொல்லிவிடுவது சுலபம். பார்சன்ஸ் தொட்டி கட்டி, ஜன்னல் வைத்து, வெளிச்சம் போட்டுப் பார்த்த பிறகுதான் சொன்னார். நாமும் எதையும் பார்த்துச் சொல்லுவோம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி