குத்தூசியால் எழுதின பையன்

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் லிஃப்ட் ஏறியிருக்கீங்களா? பட்டன் பக்கத்துல குட்டிக் குட்டியா புள்ளி இருக்கும். அந்த வழியாதான் தினமும் காலேஜுக்கு வர்றேன், ஒரு நாள்கூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. இந்த வருஷம் தொட்டேன். காரணம் ஒரு பிடிஎஃப்.

நம்ம பஸ்ல வர்ற ஒரு செகண்ட் இயர் ஜூனியருக்குக் கண் தெரியாது. ப்ளஸ் ஒன் வரைக்கும் தெரிஞ்சது, விழித்திரை நோயில போயிடுச்சு. லேப்டாப்ல ஸ்க்ரீன் ரீடர் வெச்சுக்கிட்டு என்னைவிட வேகமா கோட் அடிப்பான். செமஸ்டர் நேரத்துல என்கிட்ட சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் நோட்ஸ் கேட்டான். அப்போ நான்தான் எங்க கிளாஸ் ரெப். அஞ்சு யூனிட்டையும் நானே ஃபோன்ல ஸ்கேன் பண்ணி, ஓரமெல்லாம் க்ராப் பண்ணி, வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டு ஏகப்பட்ட ஹார்ட் வாங்கின நோட்ஸ் அது. பெருமையா அனுப்பி வெச்சேன். அவன் மெஷின் முதல் பக்கம் காலின்னு வாசிச்சுது. ரெண்டாவது பக்கமும் காலி. கடைசி வரைக்கும் காலி.

ஸ்கேன் என்பது காகிதத்தோட ஃபோட்டோதான். நம்ம கண்ணுக்கு அது எழுத்து. மெஷினுக்கு வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிக் கூட்டம். இதை நானே இமேஜ் ப்ராசஸிங் பேப்பர்ல எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆனா அனுப்புறப்போ தோணவே இல்லை. அன்னைக்கு ராத்திரி இதைப் பத்தித் தேட ஆரம்பிச்சு, கடைசியில லூயி பிரெய்ல் வாழ்க்கையில போய் மாட்டிக்கிட்டேன். (தமிழ்ல பிரெய்லின்னு எழுதுற வழக்கம் உண்டு. ஆங்கில உச்சரிப்பு பிரெய்ல். எடிட்டர் திருத்தாம விடணும்.)

உங்களுக்கு அவரைத் தெரியும். ஸ்கூல் புக்ல ஒரு பத்தி வந்திருக்கும், அடியில ஒரு மார்க் கேள்வி இருந்திருக்கும். நானும் அவ்வளவுதான் தெரிஞ்சு வெச்சிருந்தேன்.

1809 ஜனவரி 4, பாரிஸுக்குக் கிழக்கே கூவ்ரேன்னு ஒரு கிராமம். சென்ட்ரல்லேர்ந்து திருவள்ளூர் போற தூரம்தான் இருக்கும். அப்பா குதிரைச் சேணமும் தோல் வாரும் தைக்கிறவர். வீட்டுல நாலு பிள்ளைங்க, லூயி கடைக்குட்டி. மூணு வயசுல அப்பாவோட பட்டறையில விளையாடுறப்போ, தோல்ல ஓட்டை போடுற கூரான கருவி கண்ணுல குத்திடுச்சு. நம்ம ஊர்ல செருப்பு தைக்கிறவங்க பெட்டியில பார்த்திருப்பீங்களே, மரக் கைப்பிடி வெச்ச குத்தூசி, அந்த ஜாதி. சீழ் பிடிச்சு அடுத்த கண்ணுக்கும் பரவி, அஞ்சு வயசுக்குள்ள ரெண்டும் போச்சு. ஆன்டிபயாடிக் எல்லாம் வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆகும்.

அந்தக் காலத்துல ஏழை வீட்டுக் கண் தெரியாத பிள்ளைன்னா பிச்சைதான். இந்த அப்பா அம்மா அப்படி விடலை. அப்பா மரப்பலகையில ஆணி அடிச்சு எழுத்தோட வடிவத்தைத் தடவிக் கத்துக்கக் கொடுத்தார்னு சொல்வாங்க. ஊர்ப் பாதிரியாரும் வாத்தியாரும் சேர்ந்து சாதாரணப் பள்ளிக்கூடத்துலயே பையனை உட்கார வெச்சாங்க. காதால கேட்டே முதல் வரிசைக்கு வந்துட்டான். பத்து வயசுல, 1819ல, பாரிஸ்ல இருந்த பார்வையற்ற இளைஞர்களுக்கான அரசப் பள்ளியில இடம் கிடைச்சுது. வாலன்டீன் ஹாயி என்பவர் 1785ல ஆரம்பிச்சது. இந்த மாதிரிப் பள்ளிகள்ல உலகத்திலேயே முதல் பள்ளி. கட்டடம் மட்டும் ஈரம் ஊறின பழைய கட்டடம். பின்னாடி அவருக்கு வந்த காசநோய்க்கு அந்தச் சுவரையும் காரணமா சொல்வாங்க.

இங்கதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பள்ளியில புத்தகம் இருந்தது, ஹாயி கண்டுபிடிச்ச முறையில. ஈரக் காகிதத்தை அச்சு எழுத்து மேல அழுத்தி, சாதாரண ரோமன் எழுத்தையே பெருசா மேடாக்கி எடுப்பாங்க. பார்க்க ரொம்ப அழகா இருக்கும். கண் தெரிஞ்ச யாரும் வாசிச்சிடலாம். விரலுக்கு மட்டும்தான் அது ஒத்துவரலை. ஒவ்வொரு எழுத்தையும் வளைவு வளைவா தடவி, அது என்னன்னு கண்டுபிடிச்சு, அடுத்த எழுத்துக்குப் போறதுக்குள்ள வாக்கியம் மறந்துடும். ஒவ்வொரு புத்தகமும் தூக்க முடியாத கனம், மொத்தமே சில புத்தகங்கள்தான். முக்கியமா, அந்த முறையில மாணவன் தானா ஒரு வரிகூட எழுத முடியாது. ரீட் ஒன்லி.

நான் அனுப்பின பிடிஎஃப் ஞாபகம் வந்துதுங்க. பார்க்கிறவனுக்கு அழகா இருக்கணும்னு பார்க்கிறவன் செஞ்சது. ஹாயி நல்ல மனுஷன்தான், சந்தேகமே இல்லை. எனக்கும் நல்ல எண்ணம்தான் இருந்தது.

1821ல சார்ல் பார்பியேன்னு ஒரு முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி, புள்ளிகளால எழுதுற முறை ஒண்ணை அந்தப் பள்ளிக்குக் கொண்டு வந்தார். எழுத்துக்கு வடிவமே வேண்டாம், புள்ளியே போதும் என்கிற பெரிய யோசனை அவரோடது. அதுக்குரிய பெருமையை அவருக்குக் கொடுத்திடணும். ஆனா அவர் வெச்சது ரெண்டு வரிசையில ஆறாறு, மொத்தம் பன்னெண்டு புள்ளி. விரல் நுனிக்குள்ள அடங்காது, மேலயும் கீழயும் தேடணும். எழுத்தை விட்டுட்டு ஒலியை எழுதினதால ஸ்பெல்லிங் கிடையாது. கமா, எண், இசைக் குறிப்பு எதுவும் கிடையாது.

பன்னெண்டு வயசுப் பையன் அதைத் தடவிப் பார்த்து, எங்க தப்புன்னு பிடிச்சான். அடுத்த மூணு வருஷம் கிளாஸ் முடிஞ்ச ராத்திரியிலயும், லீவுக்கு கூவ்ரே போறப்பவும் இதே வேலை. 1824ல, பதினஞ்சு வயசுல, ஏறக்குறைய முடிச்சுட்டான். பன்னெண்டை ஆறாக்கினான். ரெண்டு வரிசை, மூணு மூணு புள்ளி. ஒரு தொடுதல்ல மொத்தமும் விரலுக்கு அடியில வந்துடும். நமக்குப் புரியிற மாதிரி சொன்னா ஆறு பிட். ரெண்டின் ஆறாம் அடுக்கு அறுபத்து நாலு, காலியை விட்டா அறுபத்து மூணு. முதல் பத்து எழுத்துக்கு மேல் நாலு புள்ளிதான். அடுத்த பத்துக்கு அதே வடிவங்கள், கூட இடது பக்கக் கீழ்ப் புள்ளி. அதுக்கடுத்ததுக்கு வலது பக்கக் கீழ்ப் புள்ளியும் சேரும். பத்தைப் புரிஞ்சுக்கிட்டா போதும், மீதி தானா வரும். ஆங்கிலத்துக்கு வேண்டிய டபிள்யூ மட்டும் இந்த வரிசையில பொருந்தாம துருத்திக்கிட்டு நிற்கும். அவரோட பிரெஞ்சு அகரவரிசையில அந்த எழுத்து அப்போ இல்லை, பின்னாடி சேர்த்தது. லெகஸி கோட் பார்த்தவங்களுக்கு சிரிப்பு வரும்.

காகிதத்துல அந்தப் புள்ளியைக் குத்துற கருவி, அப்பா பட்டறைக் குத்தூசியோட தம்பிதான். கண்ணைப் பறிச்ச அதே மாதிரிக் கருவி. இதைப் பெருசா எழுதாம கடந்து போயிடறேன், எல்லாரும் எழுதிட்டாங்க.

1829ல, இருபது வயசுல, முறையை விளக்கி ஒரு புத்தகம் போட்டார். அது எந்த எழுத்துல அச்சாச்சு தெரியுமா? ஹாயியோட மேடு எழுத்துலதான். புது முறையை அறிமுகப்படுத்தவும் பழைய ஃபார்மட்டுதான் கதி. முழுக்கப் புள்ளியிலேயே ஒரு புத்தகம், பிரான்ஸ் வரலாற்றுச் சுருக்கம், 1837லதான் வந்தது.

நடுவுல அதே பள்ளியில ஆசிரியர் ஆகிட்டார். சர்ச்ல ஆர்கன் வாசிப்பார், இசைக்கும் புள்ளி முறையில குறியீடு செஞ்சிருந்தார். 1839ல இன்னொரு வேலை. புள்ளி எழுத்து கண் தெரிஞ்சவங்களுக்குப் புரியலை, வீட்டுக்கு லெட்டர் எப்படிப் போடறது? புள்ளிகளாலேயே சாதாரண எழுத்தோட வடிவத்தை அமைக்க, எந்தப் புள்ளி எங்கேன்னு எண் அட்டவணை போட்டார். அந்தப் பள்ளியில படிச்ச ஃபூகோ என்கிற பார்வையற்ற மெக்கானிக், 1841ல அதுக்கு ஒரு மெஷினே செஞ்சார். பத்து ஊசி, பத்து கட்டை. எங்க அப்பா வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டுல, எடை மேடைச் சீட்டு இன்னும் கர்ரு கர்ருன்னு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்லதான் வருது. அதுக்குக் கொள்ளுத் தாத்தா இந்த மெஷின்தான்.

இப்போ வில்லன் வரணும். வில்லன்னு சொல்ல எனக்கு முழு மனசு இல்லை. பழைய டைரக்டர் பின்யே பிரெய்லை ஆதரிச்சவர். 1840ல அவரைத் தூக்கிட்டு டுஃபோ வந்தார். அவர் புள்ளி எழுத்தைத் தடை பண்ணினார். பழைய புத்தகங்களைக்கூட எரிச்சதா வரலாறு சொல்லுது. அவரோட வாதம் என்னன்னா, பார்வையற்றவங்களுக்குத் தனி எழுத்து கொடுத்தா ஊரிலேர்ந்து அவங்களைப் பிரிச்ச மாதிரி ஆகும், எல்லாரும் ஒரே எழுத்தைத்தான் வாசிக்கணும். கேட்க நியாயமாதானே இருக்கு? நானும் கொஞ்ச நேரம் தலையாட்டினேன். ஆனா அந்த ஒரே எழுத்து யாரோட எழுத்துன்னு பாருங்க. பையன்கள் கேட்கலை. டிரான்ஸிஸ்டரை ஒளிச்சு வெச்சு கமென்டரி கேட்ட நம்ம அப்பாக்கள் மாதிரி, ஒளிச்சு வெச்சுப் புள்ளியில எழுதிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில உதவி டைரக்டர் குவாதே மனசு மாறினார், டுஃபோவும் இறங்கி வந்தார். 1844 பிப்ரவரியில புதுக் கட்டடத் திறப்பு விழாவுல, கூட்டத்துக்கு முன்னாடியே பிள்ளைங்க புள்ளி எழுத்தை எழுதியும் வாசிச்சும் காட்டினாங்க.

பிரெய்லுக்கு அப்போ காசநோய் முத்திடுச்சு. கிளாஸைக் குறைச்சு, பிறகு விட்டு, 1852 ஜனவரி 6ல இறந்தார். நாற்பத்து மூணு வயசு முடிஞ்சு ரெண்டு நாள். திறக்காம எரிச்சிடணும்னு சொல்லி ஒரு சின்னப் பெட்டியை வெச்சிருந்தாராம். திறந்து பார்த்தா மாணவர்களுக்குக் கொடுத்த கடன் சீட்டுங்க. அவர் படிச்ச பள்ளி அவர் முறையை முழுசா ஏத்துக்கிட்டது 1854ல. நம்ம ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் திறக்கிறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. அவர் பார்க்கலை.

நம்ம மொழிகளுக்கு அது வந்த கதை தனி. ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு முறை ஓடி, கடைசியில 1951ல எல்லா இந்திய மொழிக்கும் பொதுவா பாரதி பிரெய்ல் வந்தது. தமிழ் 'அ'வுக்கும் இந்தி 'அ'வுக்கும் ஒரே புள்ளி. எனக்குப் பிடிச்சது 'கொ'. அச்சுல முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால், நடுவுல க. புள்ளியில அந்தச் சிக்கலே இல்லை; முதல்ல க, அப்புறம் ஒ, காதுல கேட்கிற வரிசையிலேயே வரும். யூனிகோடும் இதையேதான் செய்யுது. பழைய பாமினி ஃபான்ட் அப்படி இல்லை, கண்ணுக்குத் தெரியிற வரிசையில ஆங்கிலக் கட்டைகளை அடுக்கும். அதுல டைப் பண்ணின அம்மா, ஸ்க்ரீன் ரீடர் காதுல எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். இந்த வருஷம் கைக்கு வந்த தமிழர் மரபு நோட்ஸ் ஒண்ணு அப்படித்தான் இருந்தது. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நானே தட்டுத் தடுமாறி வாசிக்கிற பேப்பர் அது. அவனுக்கு அது தமிழாவே போய்ச் சேரலை.

காப்பிரைட் பயம் வேண்டாம். பார்வையற்றவங்க படிக்கிற வடிவத்துக்கு மாத்த 2012 சட்டத் திருத்தத்துலயே இடம் இருக்கு. இதே விஷயத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014ல முதல்ல ஏத்துக்கிட்ட நாடு இந்தியா. சட்டம் நம்ம வாட்ஸ்அப் க்ரூப்புக்கு இன்னும் வந்து சேரலை, அவ்வளவுதான்.

நோட்ஸை ஓசிஆர்ல போட்டுப் பார்த்தேன். எக்ஸ் ஸ்கொயர் எல்லாம் எக்ஸ் டூ ஆச்சு, இன்டெக்ரல் குறியெல்லாம் எஸ் ஆச்சு. சரின்னு உட்கார்ந்து டைப் பண்ண ஆரம்பிச்சேன். ஈக்குவேஷனுக்கு லேடெக் கோடே போதும்னான், அதை அவன் மெஷின் எழுத்து எழுத்தா வாசிக்கும். ப்ளாக் டயகிராமுக்குப் படத்துக்குப் பதிலா வார்த்தை: எந்தப் பெட்டியிலேர்ந்து எந்தப் பெட்டிக்கு, என்ன குறியோட. ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிஷம் ஆச்சு. திட்டிக்கிட்டேதான் செஞ்சேன்.

யூனிட் 2 அனுப்பின மறுநாள் பஸ்ல வந்து பக்கத்துல உட்கார்ந்தான். லாப்லாஸ்ல வலது பக்க சிக்னலுக்கு ஆர்ஓசியை இடது பக்கம்னு எழுதியிருக்கீங்களே அண்ணான்னு கேட்டான். ஸ்கேன் காப்பியை எடுத்துப் பார்த்தேன். அதுலயும் அப்படித்தான் இருக்கு. ஒரு கிளாஸே படிச்சு, ஹார்ட் போட்டு, பரீட்சை எழுதின நோட்ஸ்.

திருத்திட்டேன். யூனிட் 4, 5 இன்னும் டைப் ஆகலை. லேடெக் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் கிடைச்சா பொங்கல் லீவுக்குள்ள முடிச்சிடலாம். இந்த இதழ்ல கவிதையெல்லாம் போன தடவை மாதிரி ஜேபெக் படமா இல்லாம எழுத்தா வந்திருக்குன்னா, அதுக்கும் அவன்கிட்ட நாங்க வாங்கின திட்டுதான் காரணம்.