நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார்

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலே பிறந்து வளர்ந்த எம் போன்றார்க்குக் காதற்கதை என்பது நூல்வாயிலாக அறிமுகமாவதன்று. கூத்துக் களரியிலேயே அறிமுகமாவது. கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா தொடங்கிவிடுமாயின், பகலிற் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நாட்கள் கழியும். வில்லை வளைத்த அர்ச்சுனனுக்குத் திரௌபதி மாலையிடும் இரவும், அவ்வர்ச்சுனனே துறவி வேடம் பூண்டு சுபத்திரையின் உள்ளத்தைக் கவரும் இரவும் சிறுவர்கள் கண்ணயராத இரவுகளாகும். அரசன் ஆரவாரத்துடன் களரியேறி ஆடி நிற்க, கட்டியக்காரன் அருகிற்சென்று, தாங்கள் யார், எவ்வூர், எதன்பொருட்டு இங்கு வந்தீர் என்று ஒன்றுமறியாதான்போல் வினாவும்போது ஊரே சிரிக்கும். காதலும் நகையும் ஓரிடத்தில் இணைந்து நிற்கும் இன்பத்தை யாம் முதற்கண் நுகர்ந்தது அங்கேதான்.

ஆயினும், கல்லூரிப் படியேறிய பின்னர் நம்மிற் பலர் அக்கூத்தைப் பற்றிப் பேசவும் நாணுகின்றனர். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பாடமாகக் கற்று, அவற்றிலுள்ள மாறுவேடங்களையும் ஆள்மாறாட்டங்களையும் வியந்து புகழும் மாணவர், தம்மூர்க் களரியில் அவையே நிகழக் காணின் முகத்தைத் திருப்பிக்கொள்வர். இந்நாணத்தைத் தாமும் ஒருகாலத்திற் கொண்டிருந்து, பின்னர் அதனை வென்று, தமிழ் நாடகத்திற்கே தம் வாழ்நாளை அளித்தவர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விரும்புகின்றோம். அவரே பம்மல் சம்பந்த முதலியார் ஆவர்.

பம்மல் என்பது பல்லாவரத்தை அடுத்ததோர் ஊர். அது பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாயிருந்து, பின்னர்க் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கி, 2019 முதல் புதிய செங்கற்பட்டு மாவட்டத்தில் உளது. முதலியாரவர்களின் முன்னோர் ஊர் அதுவே. அவர் பிறந்தது சென்னையில், 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி. தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித்துறையிற் பணியாற்றியவர். தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிட்டவருமாவர். ஆகவே, நூல்கள் நிறைந்த இல்லத்திலேயே இளம் சம்பந்தம் வளர்ந்தார். ஆங்கில நாடகங்களை ஆவலுடன் பயின்ற அவ்விளைஞர்க்குத் தமிழ் நாடகங்களின்பால் மதிப்பு உண்டாகவில்லை. அக்காலத்து நாடகங்கள் விடியுமட்டும் பாட்டாகவே நடந்தன. நடிப்போர் கூத்தாடிகள் எனத் தாழ்வாகப் பேசப்பட்டனர். கற்றோர் அக்கொட்டகைகளின் வாயிலையும் மிதிக்க அஞ்சினர்.

இந்நிலையில் 1891-ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கையின் திருப்பம் நேர்ந்தது. பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்யுலு என்னும் வழக்கறிஞர் தம் சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தார். அவற்றைக் கண்ட சம்பந்தம் வியப்பிலாழ்ந்தார். மேடைமீது நின்றவர்கள் கூலிக்கு ஆடுவோரல்லர். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமான கற்றோர். பெருமையுடையோர் தம் தாய்மொழியில் நடிப்பது இழிவன்று என்னும் உண்மை அவ்வொரு காட்சியால் அவருக்கு விளங்கிற்று. அவ்வாண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதியே நண்பர் சிலரோடு கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவர்க்கு வயது 18. நம் வாசகராகிய மாணவர்கள் இவ்வயதைச் சற்றே நினைவிற் கொள்வார்களாக.

சபை தோன்றிவிட்டது, நடித்தற்குத் தகுந்த நாடகங்களோ தமிழில் அரியவாயிருந்தன. எனவே அவரே எழுதத் தொடங்கினார். புஷ்பவல்லி முதலாக வளர்ந்த அம்முயற்சி அவர் வாழ்நாளில் 90-க்கு மேற்பட்ட நாடகங்களாகப் பெருகிற்று. அவற்றுள் மனோகரன் புகழ் மிக்கது. அந்நாடகம் பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் போன்ற தொழில்முறைக் குழுவினராலும் நடிக்கப்பட்டு, 1936-லும் 1954-லும் திரைப்படமாயிற்று. பாட்டுக்களைக் குறைத்தல், உரைநடையிலே உரையாடலை அமைத்தல், கதைக்கு வேண்டாத விதூஷகக் கூத்தை நீக்குதல், குறித்த நேரத்தில் திரை தூக்குதல் ஆகியன அவர் செய்த சீர்திருத்தங்களுட் சிலவாம்.

நிற்க. முதலியாரவர்களை நாட்டினர் பெரும்பாலும் மனோகரனை எழுதியவரென்றே நினைவு கொள்கின்றனர். ஆனால் பழைய காதற்கதைகளைத் தமிழுக்குரிய நகைச்சுவை நாடகங்களாக்கிய பணி அதற்குச் சிறிதும் குறைந்ததன்று என்பது எம் கருத்து. இதனை விளக்க ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்வோம்.

வத்தவ நாட்டரசன் உதயணன் கதை நம் நாட்டின் மிகப் பழைய காதற்கதைகளுள் ஒன்று. அதனைத் தமிழிற் பெருங்கதையெனக் கொங்குவேளிர் பாடினார். காஞ்சியிற் பல்லவர் ஆண்ட 7-ஆம் நூற்றாண்டில், வடக்கே ஆண்ட ஹர்ஷ மன்னர் அவ்வுதயணனையே தலைவனாக வைத்து இரத்னாவளி என்னும் வடமொழி நாடகத்தை எழுதினார். சிங்கள நாட்டு அரசகுமாரி கடலிற் கப்பல் உடைந்து பிழைத்து, தன் குலத்தை எவரும் அறியாதவாறு, உதயணன் தேவியாகிய வாசவதத்தையிடமே பணிப்பெண்ணாக வாழ்கிறாள். அரசனைக் கண்டு காதல் கொண்டு அவனுருவைப் படமாக எழுதுகிறாள். தோழியும் அவளும் பேசிய மறைபொருளை நாகணவாய்ப்புள் ஒன்று கேட்டிருந்து, அரசன் செவிபடவே அப்படியே ஒப்பிக்கிறது! பின்னர் அவள் தேவியைப்போல் உடுத்து அரசனைக் காணவருவதென ஏற்பாடாக, அதற்குமுன் உண்மைத் தேவியே அங்கு வந்து நிற்கின்றாள். வேடம் பூண்டவளென்றெண்ணி அரசன் தேவியிடமே அவள் அறியலாகாதவற்றையெல்லாம் பேசிவிடுகிறான். இவ்விடத்தே நகைக்காதார் யார்? ஆனால் அந்நகையின் அடியில் தேவியின் துயரமும் உளது. சிரிப்போடு ஒரு துளி கண்ணீரும் கலந்திருத்தலே காதல் நகைச்சுவை நாடகத்தின் உயிர்நிலையாகும்.

இந்நாடகத்தையும் காளிதாசரின் மாளவிகாக்கினிமித்திரத்தையும் முதலியார் தமிழ் மேடைக்கு உரியனவாக ஆக்கினார். இரத்னாவளி கதை 1935-இல் தமிழ்ப் பேசும்படமாகவும் வெளிவந்தது. உதயணன் கதை காவியத்தினின்று வடமொழி நாடகத்திற்கும், அதனின்று தமிழ் மேடைக்கும், பின்னர் வெண்திரைக்கும் நடந்துவந்த நெடுவழியை நோக்குங்கால், பழங்கதை என்பது அணைந்துபோன அடுப்பன்று, ஊதுவாரைப் பெறின் மீண்டும் கனலும் நெருப்பே என்பது புலனாகும்.

மேல்நாட்டு நாடகங்களையும் அவர் இவ்வாறே கையாண்டார். சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தருவதை அவர் விரும்பவில்லை. கதைமாந்தர் தமிழராகவே நடமாட வேண்டுமென்று கருதினார். பெயர்களைக்கூட ஓசையொப்புமை தோன்ற அமைத்த நயம் சுவைத்தற்குரியது. ஹாம்லெட் அமலாதித்யனாயினான்; மாக்பெத் மகபதியாயினான்; சிம்பலின் சிம்ஹளநாதனாயினான்; வெனிஸ் நகரம் வாணீபுரமாயிற்று. பிரெஞ்சு நகைச்சுவையாசிரியர் மோலியேர் படைத்த ஸ்காப்பன் என்னும் சூழ்ச்சிக்கார வேலையாள் காளப்பனாகி, காளப்பன் கள்ளத்தனம் என்ற நாடகத்தில் நம்மூர்த் தெருவிலேயே உலாவலானான்.

ஷேக்ஸ்பியரின் காதல் நகைச்சுவை நாடகமொன்று விரும்பிய விதமே என்னும் பெயருடன் தமிழாயிற்று. அரண்மனையினின்று துரத்தப்பட்ட நங்கையொருத்தி ஆணுடை தரித்துக் காட்டில் வாழ்ந்து, தன்னைக் காதலிக்கும் இளைஞனையே சந்தித்து, அவன் தன்னை அறியாதிருக்க, காதலிப்பது எங்ஙனமென அவனுக்கே பாடம் கற்பிப்பது அம்மூலக்கதை. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் மகளிர் மேடையேறும் வழக்கமில்லை. சிறுவரே பெண்வேடம் பூண்டனர். சுகுண விலாச சபையிலும் அக்காலத்து ஆடவரே மகளிராக நடித்தனர். ஆகவே, பெண்ணாக நடிக்கும் ஆண், கதையினுள் மீண்டும் ஆண்வேடம் புனையும் அவ்விரட்டை வேடிக்கை, ஆங்கில நாட்டு மேடையில் மகளிர் நடிக்கத் தொடங்கியபின் மறைந்துபோயிருப்பினும், சென்னை விக்டோரியா மண்டபத்திற்கு வந்தோர்க்கு இயல்பாகவே வாய்ப்பதாயிற்று. எம்மூர்க் கூத்திலும் இன்றளவும் திரௌபதியாக ஆடுவார் பெரும்பாலும் ஆடவரே என்பதை எண்ணும்போது, களரிக்கும் கலாசாலைக்கும் இடையே நாம் கற்பித்துக்கொண்ட தூரம் எத்துணைப் பொய்யென்று தோன்றுகிறது.

இவ்விடத்து முதலியாரவர்களின் வாழ்வில் மறத்தற்கரிய நட்பொன்றைக் கூறாது செல்லுதல் தகாது. அவர் நாயகனாக நடித்த நாடகங்கள் பலவற்றில் நாயகியாக நடித்தவர் அவர்தம் ஆருயிர் நண்பர் ரங்கவடிவேலு. மேடையில் காதலரும் மேடைக்கு வெளியே தோழருமாக இருவரும் பன்னெடுங்காலம் ஒன்றித் திகழ்ந்தனர். ரங்கவடிவேலு முந்தி மறைந்தமை முதலியாரைப் பெரிதும் வாட்டிற்று. ஆறு பகுதிகளாக அவர் எழுதிய நாடக மேடை நினைவுகள் என்னும் நூலில் இந்நட்பின் மணம் கமழ்வதைப் படிப்போர் உணர்வர். பிறரைச் சிரிக்கவைத்தவர்களின் வாழ்வும் பிரிவுத்துயருக்கு விலக்கன்று.

நாடகத்தில் ஈடுபட்டோர் தொழிலிற் கெடுவர் என்பது அக்காலத்துப் பேச்சு. முதலியாரோ சட்டம் பயின்று வழக்கறிஞராகி, 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை என அவர் தம் பொழுதை வகுத்துக்கொண்டார். தேசத்தலைவர் எஸ். சத்தியமூர்த்தி, ஆர். கே. சண்முகம் செட்டியார் முதலிய பெருமக்களும் அச்சபையில் நடித்தனர். இதனால் கூத்தாடி என்னும் வசைச்சொல்லின் கூர் மழுங்கிற்று. அவர்க்குச் சற்று முன்னே பிறந்து இளமையிலே மறைந்தவரும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கியவருமான பரிதிமாற்கலைஞர் ரூபாவதி முதலிய நாடகங்களையும் நாடகவியல் என்னும் இலக்கண நூலையும் இயற்றினார். மிஷன் கல்லூரித் தமிழ் வகுப்பினின்றும் நாடகம் பிறந்ததென்பது நமக்கும் பெருமை தருவதேயாகும்.

முதலியார் தாமே புனைந்த நகைச்சுவை நாடகங்களுள் சபாபதி தலையாயது. செல்வச் செருக்கும் மந்தபுத்தியும் உடைய எசமானன் ஒருவன். சொன்ன சொல்லைச் சொன்னபடியே கொண்டு காரியத்தைக் கெடுக்கும் வேலையாள் ஒருவன். இருவர்க்கும் பெயர் சபாபதி! இக்கதை 1941-இல் ஏ. வி. மெய்யப்பனாரால் படமாக்கப்பட்டு, டி. ஆர். ராமச்சந்திரன், காளி என். ரத்னம் ஆகியோர் நடிப்பில் நாடெங்கும் நகையை விளைத்தது. இரத்னாவளியில் அரசனும் விதூஷகனும், கூத்தில் அரசனும் கட்டியக்காரனும், சபாபதியில் எசமானனும் வேலையாளும் என இம்மூவிணையும் ஒரே குடிப்பிறப்பின என்பதை நாம் காணலாம். கூத்தை விட்டு விலகிச் சென்ற முதலியார், தம்மையறியாமலே அதன் பொருளை வேறோர் ஆடையில் மீண்டும் கொணர்ந்தார் போலும்.

எனினும், குறையொன்றுண்டு என்பதைக் கூறுதலும் நம் கடமை. அவர் உயர்த்தியது நகரத்துக் கற்றோர் மேடையை. விடியுமட்டும் ஆடி, பாடி, ஊரார் தரும் சிறுதொகையால் வயிறு வளர்க்கும் கூத்தர்க்கு அவ்வுயர்வில் பங்கு கிட்டவில்லை. விருப்பத்திற்காக நடித்த வக்கீலுக்கு வந்த மதிப்பு, பிழைப்பிற்காக ஆடிய உழவனுக்கு வரவில்லை. இக்குறை முதலியார் ஒருவருடையதன்று. கற்றோராகிய நம் எல்லோருடையதுமாம்.

1959-இல் பாரத அரசாங்கத்தார் அவர்க்குப் பத்மபூஷண் விருதளித்தனர். 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ஆம் தேதி, தம் 91-ஆம் பிராயத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் காதலிக்க நேரமில்லை என்னும் படம் வெளிவந்து தமிழரைச் சிரிப்பிலாழ்த்தியிருந்தது. அதனை இயக்கிய ஸ்ரீதர், எம்மூர்க்கு அயலதாகிய மதுராந்தகம் பகுதியைச் சேர்ந்தவர். காதலியின் தந்தையை இணங்குவிக்க, காதலன் தன் தோழனையே செல்வத் தந்தையாக வேடமிடச் செய்யும் அக்கதையில், சந்நியாசி வேடமிட்ட அர்ச்சுனனும் தேவிவேடமிட்ட சிங்கள இளவரசியும் ஒளிந்திருப்பதைக் கூர்ந்து நோக்குவார் காண்பர். 2002-இல் வந்த காதல் நகைச்சுவைப் படமொன்றிற்குப் பம்மல் கே. சம்பந்தம் என்றே பெயரிடப்பட்டது. அப்பெயரைக் கேட்டுச் சிரித்த இளைஞருள், அது யாரை நினைவூட்டுவதென அறிந்தோர் எத்துணைப்பேர்?

அன்பார்ந்த மாணவர்களே! வரும் ஆண்டு விழாவிற்கு நாடகம் தேடும்பொழுது அயலார் கதைகளை மட்டும் நாடற்க. விடுமுறையில் நும் ஊர்க்குச் செல்லுங்கால் ஓரிரவேனும் கூத்துக் களரியின் முன் அமர்மின். அங்கே சுபத்திரை இன்னும் துறவியை ஐயுற்று நோக்குகின்றாள். கட்டியக்காரன் இன்னும் வினாவிக்கொண்டிருக்கிறான். பதினெட்டு வயதில் தம் நாணத்தை வென்ற ஒருவர் தமிழ் மேடைக்கு ஒரு நூற்றாண்டு வாழ்வளித்தார். அவர் கைவிட்ட களரியையும் சேர்த்து உயர்த்தும் பணி நும்மைச் சார்ந்தது.