இருமுறை குத்திய ஹாஃப்கின்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான் சிறுபிள்ளையாய் இருந்தபோது, இரண்டாம் தடுப்பூசி என்றாலே அம்மா முணுமுணுப்பார். முதல் ஊசிக்கே எனக்குக் காய்ச்சல் கண்டு, கொழுந்தெடுக்கப் போகாமல் ஒருநாள் கூலி போயிற்றே, மறுபடியும் எதற்கு என்பது அவர் வழக்கு. நியாயமான வழக்குதான். ஹாஃப்கினின் வாழ்வைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது.

1860-இல் ஒடெசாவில் பிறந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் காலராத் தடுப்பு மருந்தை ஆக்கி, 1892 ஜூலை 18-ஆம் நாள் தம் உடலிலேயே முதலில் குத்திக்கொண்டார். ஆறு நாள் கழித்து மறு ஊசி. முன்னதில் வீரியம் குன்றிய கிருமி. பின்னதில் வீரியம் மிகுந்தது. முதலூசி உடலைப் பழக்கினால்தான் இரண்டாவதைத் தாங்கும் என்பது அவர் கருத்து. 1893-இல் இந்தியா வந்து, கல்கத்தாச் சேரிகளிலும் பின்னர் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அந்த ஊசியைக் குத்தினார். அத்தோட்டத்தாரும் நம்மவரைப்போல் பிழைக்க வந்தவர்களே.

இருமுறை குத்துவதற்கு இன்று நாம் கூறும் காரணம் வேறு. செத்த கிருமி உடலில் பெருகாது. ஆதலால் முதற்குத்தில் எழும் எதிர்ப்பொருள் சொற்பம், விரைவில் வடிந்துவிடும். ஆனால் கிருமியை அடையாளங்கண்ட நினைவணுக்கள் சில தங்கும். சில வாரம் விட்டு அதையே மீண்டும் காட்டினால், அவை திரண்டெழுந்து பன்மடங்கு எதிர்ப்பொருளுக்கு வழிசெய்யும். உயிருள்ள தட்டம்மை மருந்தின் கதை வேறு. அதன் இரண்டாம் குத்து, முதலாவது பலிக்காத சிலருக்காக.

1897-இல் பம்பாயில் பிளேக் ஊசியையும் அவர் தம்மீதே சோதித்தார். 1902-இல் பஞ்சாபின் முல்கோவாலில் அவ்வூசி போட்ட 19 பேர் தனுர்வாதத்தால் மாண்டனர். பழி அவர்மேல் விழுந்தது. நீங்க 1907 ஆயிற்று. 1925-இல் பம்பாய் ஆய்வுக்கூடம் அவர் பெயரைப் பெற்றது. 1930-இல் லோசானில் மறைந்தார்.